தாளிக்காத வீடு

காதலைப் பற்றி எழுதுகிறவர்கள் நிலவையும் மல்லிகையையும் எழுதட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. எனக்கு வாய்த்தது எண்ணெய் வைக்காத தலை, மூன்று வாரத்துத் தாடி, மரவள்ளிக்கிழங்கு. அதுவும் வெளியே போக முடியாத ஒரு வீட்டுக்குள்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஒரு வருசம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு அங்கே ரெயில்வேயில் வேலை. அம்மாவும் தம்பிகளும் அவரோடு இருந்தார்கள். படிப்புக் கெடக்கூடாது என்று என்னையும் அண்ணையையும் இணுவிலில் பெரியம்மாவிடம் விட்டிருந்தார்கள். மாதம் தவறாமல் வந்த மணியோடர் நின்றது. பிறகு கடிதமும் நின்றது. அண்ணை படிப்பை விட்டுவிட்டு மருதனார்மடத்தில் ஒரு புகையிலை வியாபாரியிடம் எழுத்து வேலைக்குப் போனார். போன நாளுக்குத்தான் கூலி. நான் ஆசிரியப் பயிற்சிக்கான சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இன்னொரு மாணவரும் இருந்தார். தென்மராட்சிப் பக்கத்திலிருந்து மானிப்பாய்க்குப் படிக்க வந்து எங்கள் முன்னறையில் தங்கியிருந்தவர். அவருடைய தகப்பனும் மலாயாவில் அகப்பட்டவர்தான். தூரத்து உறவில் எனக்கு மச்சான் முறை. அந்த முறை இருந்த காரணத்தால் ஒரு வருசமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நாங்கள் கதைத்ததில்லை. வேறு முறை என்றால் அண்ணை என்று கூப்பிட்டுத் தேத்தண்ணியாவது கையில் கொடுத்திருக்கலாம். மச்சான் என்றால் கதவுக்குப் பின்னால் நின்று கோப்பையைத் தள்ளிவிட வேண்டும். எங்கள் ஆட்களின் ஒழுக்கம் அப்படி. கட்டலாம், கதைக்கக் கூடாது.

பங்குனி மாதம் பெரியம்மாவின் மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று சாவகச்சேரியிலிருந்து ஆள் வந்தது. பின்வேலிக்கு அப்பால் குடியிருந்த பின்வளவுக்காரியை இரவில் எனக்குத் துணைக்குப் படுக்கச் சொல்லிவிட்டுப் பெரியம்மா போனார். நாலாம் நாள் அண்ணைக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் முகத்திலும் நெஞ்சிலும் கொப்புளம் போட்டது. பின்வளவுக்காரி ஒரு பார்வை பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மாள் வந்திருக்கிறாள் என்று சொல்லி, வேப்பங்கொப்பை முறித்து வாசல் படலையில் கட்டிவிட்டு, தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளுடைய குரல் மட்டும்தான் வேலிக்கு மேலாக வரும்.

எங்கள் மூன்று பேரையும் அந்த வேப்பங்கொப்பு உள்ளே வைத்துப் பூட்டியது. பெரியம்மா திரும்பி வர வழியில்லை. பிள்ளை பிறந்த துடக்கு வீட்டிலிருந்து வருகிறவள் அம்மாள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மச்சான் போகவும் வழியில்லை. அம்மாள் வீட்டில் படுத்தெழும்பினவனை எந்த வீட்டில் சேர்ப்பார்கள்? பள்ளிக்கூடத்துக்குள்ளும் விடமாட்டார்கள். டாக்குத்தரைக் கூப்பிடலாம் என்று மச்சான் சொன்னார். வேலிக்கு அப்பாலிருந்து பின்வளவுக்காரி சத்தம் போட்டாள். தெரிந்தால் வண்டி கொண்டுவந்து அண்ணையை ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே கொட்டிலில் போட்டுவிடுவார்கள், பிறகு உயிரோடு பார்க்க மாட்டாய் என்றாள். நான் பயந்துபோனேன். யாரையும் கூப்பிடவில்லை. அது பெரிய அம்மையா, கொப்புளிப்பானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணை சொறியாமல் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் வேப்பிலைக் கொத்தோடு பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது நான்தான். அப்படியானால் அடுப்புக்கு யார்? மச்சான் குசினி வாசலில் வந்து நின்று, தனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் சொன்னால் செய்வேன் என்றார். அறைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு மண்சுவரும் ஒரு சின்ன யன்னலும். நான் யன்னலால் சொல்லச் சொல்ல அவர் சமைத்தார். ஒரு வருசம் கதைக்காத கதையெல்லாம் உப்பு, புளி, தண்ணீர் என்று கதைத்து முடித்தோம்.

அவர் அகப்பையைப் பேனை பிடிப்பது போலப் பிடிப்பார். உப்பைச் சுண்டுவிரல் நகத்தால் அளந்து போடுவார், பள்ளிக்கூடத்தில் குடுவைக்குள் போடுகிற மருந்து என்ற நினைப்பு. தேங்காய் திருவச் சொன்னால் சிரட்டையும் சேர்ந்து வரும்வரை திருவுவார். பால் பிழிந்தால் கறுப்பாக வரும். இது சொதியா, கோடைக்குளத்துத் தண்ணியா என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. அடுத்த நாள் சிரட்டையில் பாதித் தேங்காயை விட்டுவிட்டார். அதற்கும் ஏச்சு வாங்கினார்.

சமைப்பதற்கு என்ன இருந்தது என்று கேட்கக் கூடாது. பின்வளவுக்காரி வாங்கி வந்து வைக்கிற கூப்பன் அரிசி மூன்று பேருக்கு வாரத்தில் நாலு நாளைக்குக் காணும். அதையும் கஞ்சியாக்கினால் இழுபடும். அண்ணை வேலைக்குப் போகாததால் கையில் காசு இல்லை. வீட்டுக்குப் பின்னால் அண்ணை நட்ட மரவள்ளி இரண்டு வரி நின்றது. கிணற்றடியில் முருங்கை. மச்சான் ஊரிலிருந்து கொண்டுவந்த, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா ஒரு பனையோலைக் குட்டான் நிறைய. பின்வளவுக்காரி நினைத்த நேரம் படலைக்கு வெளியே ஒரு பூசணித்துண்டை வைத்துவிட்டு, நான் எடுக்க வருவதற்கு முன்னே ஓடிவிடுவாள். காலையில் முருங்கையிலைக் கஞ்சி, மத்தியானம் அவித்த மரவள்ளி, பின்னேரம் ஒடியல் பிட்டு. சலித்துப்போனால் காலையில் பிட்டு, பின்னேரம் கஞ்சி.

இல்லாமையைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருந்தது. அம்மாள் வீட்டில் தாளிக்கக் கூடாது. வறுக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. எண்ணெய் கொதிக்கிற மணம் எழும்பினால் அம்மாளுக்கு ஆகாது, அந்தச் சூடு படுத்திருக்கிறவன் உடம்பில் ஏறும். மூன்று தரம் வேப்பிலைத் தண்ணீர் தலைக்கு வார்த்து, அம்மாளை வழியனுப்பிய பிறகுதான் எண்ணெய்த் தாச்சி அடுப்பில் ஏறலாம். தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, சீப்புப் போடக் கூடாது, சவரம் செய்யக் கூடாது. ஆகவே நான் பேய் மாதிரியும் அவர் பரதேசி மாதிரியும் இருந்தோம். அந்தக் கோலத்திலும் எனக்கு அவரைப் பிடித்தது. பிடித்தது என்று சொல்வது குறைவு. அவர் குசினிக்குள் விறகு முறிக்கிற சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. வெளியே போக முடியவில்லையே என்று பகல் முழுக்க அழுவேன். படலை திறந்தால் இது முடிந்துவிடுமே என்று அதற்கும் அழுவேன்.

ஒரு நாள் அவர் யன்னலடியில் கஞ்சியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"சோதனை பாஸ் பண்ணி வேலை எடுத்தால் பெரியம்மாட்டை வந்து கேப்பன். உமக்குச் சம்மதமோ?"

"முதல் தேங்காய் திருவப் பழகுங்கோ" என்றேன். என் முகம் நெருப்பாய்ச் சுட்டது. அண்ணை கண்ணை மூடிப் படுத்திருந்தார். நித்திரை என்று நினைத்தேன்.

இரண்டாம் தண்ணீர் வார்த்தாயிற்று. கொப்புளங்கள் வாடி, பொருக்குக் கட்டின. காய்ச்சல் இல்லை. அண்ணை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். மூன்றாம் தண்ணீருக்கு இன்னும் நாலு நாள். இனிப் பயமில்லை என்று எனக்குத் தலைக்குள் காற்றுப் புகுந்தது. அன்றைக்கு மத்தியானம் மச்சான் மரவள்ளியை அவித்து வடித்துவிட்டு, கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் சேர்த்துத் தாளித்தால் எப்படி இருக்கும் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். அவர் கேட்கவில்லை, சொன்னார், அவ்வளவுதான். தாச்சியை எடுத்து அடுப்பில் வைத்தவள் நான். அண்ணை கண் அயர்ந்திருந்தார் என்று குசினிக்குள் போயிருந்தேன்.

வீட்டில் எண்ணெய் இல்லை. அம்மாளுக்கு விளக்கேற்ற வைத்திருந்த போத்தலில் அடியில் கொஞ்சம் இருந்தது. அதிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றினேன். யோசிக்கவே இல்லை. சின்ன வெங்காயம் ஐந்து, செத்தல் மிளகாய் மூன்று, கடுகு, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை. வெங்காயம் சிவந்தவுடன் கிழங்கைக் கொட்டி மசித்துப் பிரட்டினேன். மூன்று கிழமை மணமில்லாத சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குத்தான் அந்த மணம் தெரியும். கோப்பையில் போட்டுக்கொள்ளக்கூட எங்களுக்குப் பொறுமை இல்லை. தாச்சியை நிலத்தில் இறக்கி வைத்து, இரண்டு பக்கமும் குந்தியிருந்து, ஒரே தாச்சிக்குள் இரண்டு கைகளையும் விட்டுச் சாப்பிட்டோம். கட்டின பெண்சாதிதான் புருசன் சாப்பிட்ட இலையில் சாப்பிடுவாள். நான் கட்டாமலே சாப்பிட்டேன். அவருடைய விரல் என் விரலில் பட்டது. எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "பிள்ளை, ஆர் உது தாளிக்கிறது? மூண்டாம் தண்ணி வாக்க முந்தியோ?"

இங்கே இல்லை, அங்காலை வீடாக்கும் என்று கூசாமல் பொய் சொன்னேன். அதே நேரம் அறைக்குள்ளிருந்து அண்ணை கூப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். என்ன சமையல் என்று கேட்டார். அவிச்ச மரவள்ளி என்றேன். "ம்" என்றார். சட்டியில் எஞ்சியிருந்த வெறுங்கிழங்கை உப்போடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் விடிய அண்ணை வலது கண்ணைத் திறக்கவில்லை. பீளை கட்டி ஒட்டியிருந்தது. வேப்பிலைத் தண்ணீரால் துடைத்துத் திறந்து பார்த்தால் கருவிழியில் பால் தெளித்தது போல ஒரு வெள்ளை. பின்வளவுக்காரியிடம் சொன்னேன். "நான் அண்டைக்கே கேட்டனான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் தண்ணீர் வார்த்து, படலை திறந்து, அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, பார்த்த டாக்குத்தர் பிந்திவிட்டது என்றார். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணுக்கு ஆபத்தில்லை. அண்ணைக்கு அப்போது இருபத்தினாலு வயது. திரும்பி வருகிற வழியில், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குறிவைத்து மாங்காய் எறிகிறவனுக்கு இனி வேலை மிச்சம் என்று பகிடி விட்டார். நான் வண்டிக்குள் வாயில் சீலையை அடைத்துக்கொண்டு வந்தேன்.

நான் படித்தவள்தான். எண்ணெய்ச் சட்டிக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று யாராவது பிள்ளை வகுப்பில் கேட்டிருந்தால் நல்ல விளக்கம் சொல்லியிருப்பேன். எனக்கு நானே சொன்னபோது அந்த விளக்கம் ஏறவில்லை. அம்மாளின் எண்ணெயை எடுத்தேன், அண்ணை பசியோடு படுத்திருக்க ஒளித்துத் தின்றேன், பொய் சொன்னேன். கண் போகாவிட்டாலும் அது குற்றம்தான். அம்மன் கோயிலில் போய் நின்று, இனி என் கையால் தாளிப்பதில்லை என்று நேர்ந்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

நானும் சோதனை பாஸ் பண்ணி ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தேன். மச்சான் சோதனை பாஸ் பண்ணிக் கொழும்பில் கிளாக்கர் வேலை எடுத்தார். சொன்ன சொல் தவறாமல், ஒன்றரை வருசம் கழித்துப் பெரியம்மாவிடம் வந்து கேட்டார். பெரியம்மாவுக்கு வாயெல்லாம் பல். முறை மச்சான், கவுண்மேந்து உத்தியோகம், சீதனமும் கேட்கவில்லை. அண்ணையும் சந்தோசப்பட்டார். எங்களுக்கு நடுவில் ஒரு துரும்பும் இல்லை. அவரோடு தனியே கதைக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கும் பெரியம்மா தலையாட்டிவிட்டுக் கிணற்றடிக்கு அனுப்பினார்.

கிணற்றடியில் நின்று நான் எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். நேர்த்தியையும் சொன்னேன். என்னோடு சேர்ந்து அவரும் கொஞ்சம் சுமப்பார் என்று நம்பினேன்.

அவர் சிரித்தார்.

"தாளிச்சால் கண் போகுமெண்டு எந்தப் புத்தகத்திலை இருக்கு? நீர் வாத்திச்சி எல்லோ?"

கெட்ட சிரிப்பு அல்ல. என்னைத் தேற்றுகிற சிரிப்பு என்று இப்போது விளங்குகிறது. அவர் சொன்னது சரி என்று அப்போதே விளங்கியது. ஆனால் அண்ணை உள்ளே ஒற்றைக் கண்ணால் பத்திரிகையை மூக்கில் முட்ட வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கிற ஆளோடு ஒரு தாச்சியில் எப்படிக் கை வைப்பது? எனக்குக் கோபம் கண்ணை மறைத்தது.

"எனக்கு விருப்பமில்லை. போயிட்டு வாங்கோ" என்றேன்.

அவர் நம்பவில்லை. இரண்டு வருசம் பெரியம்மாவுக்குக் கடிதம் போட்டுப் பார்த்தார். பெரியம்மா என்னைத் திட்டாத திட்டில்லை. கடைசியில் ஊர் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தது. கண்ணில்லாத தமையனுக்காகத் தன் வாழ்க்கையை விட்டவள் என்று என்னைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ் எனக்கு நெருஞ்சிமுள்ளாய்க் குத்தியது. மறுத்துச் சொல்லவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் முடியாது. அண்ணைக்கும் பெண் பார்த்தார்கள். எனக்குக் கலியாணம் முடியாமல் தனக்கு வேண்டாம் என்றார். நான் அவருக்காக இருக்கிறேன் என்று அவரும், அவர் எனக்காக இருக்கிறார் என்று நானும், ஒருவரை ஒருவர் கட்டிப்போட்டுக்கொண்டு இருந்தோம்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்தது. அப்பாவும் அம்மாவும் உயிரோடிருப்பதாகக் கடிதம் வந்தது, ஆனால் அங்கேயே தங்கிவிட்டார்கள். பெரியம்மா மகளோடு போய்விட்டார். நான் படிப்பித்தேன், அண்ணை மறுபடி புகையிலைக்காரரிடம் போனார். இணுவில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் சமைத்தேன். பால்கறி, சொதி, கீரைக்கடையல், அவியல். எதிலும் தாளிதம் இல்லை. அண்ணை ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. ஆறு வருசம். அவருடைய பொறுமையை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பிடி சோற்றிலும் என்னைக் குற்றஞ்சாட்டுகிறார் என்றே நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை தபாலில் மஞ்சள் பூசிய கலியாணக் கடிதம் வந்தது. மச்சானுக்கு அடுத்த கிழமை கலியாணம். அண்ணை அதை வாசித்து, மடித்து, கூரை இறப்பில் சொருகினார். மத்தியானம் மரவள்ளி. அவித்து, தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுக் கோப்பையில் வைத்தேன். அண்ணை ஒரு துண்டை எடுத்தார், திருப்பி வைத்தார்.

"அவனும் கட்டப்போறான். இனியெண்டாலும் தாளி, பிள்ளை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அவன்ரை நினைவிலைதானே நீ தாளிக்கிறேல்லை? அண்டைக்கு ரெண்டு பேரும் குசினிக்கை தாளிச்சுச் சாப்பிட்டனீங்கள். எனக்கு மணந்துது. எனக்கும் ஒரு பிடி கொண்டருவாய் எண்டு பாத்துக்கொண்டு கிடந்தன். கூப்பிட்டும் பாத்தன். நீ அவிச்சதெண்டாய், சரியெண்டு விட்டிட்டன். சந்தோசமாய் இருந்தனீங்கள், நான் ஏன் குழப்புவான்?"

மணம் தெரிந்ததா என்று கேட்டேன். வேறொன்றும் கேட்க வரவில்லை.

"தெரியாமலோ? அதுக்கு ரெண்டு நாள் முந்தியே வலக்கண் இருட்டிப்போச்சு. டாக்குத்தரையும் கூப்பிடேலாது, சொன்னால் நீ பயப்பிடுவாய் எண்டு மூடிக்கொண்டு கிடந்தனான். மணம் வரேக்கை, கண் போனாலும் மூக்காவது வேலை செய்யுதெண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அதே மாதிரி, என்னைத் தேற்றுகிற சிரிப்பு. இந்தச் சிரிப்புக்கு என்னால் கோபப்பட முடியவில்லை. மச்சான் இருக்கிற கொழும்புக்கு ரெயில் எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பதும் தெரியும்.

குசினிக்குப் போனேன். தாச்சி பரணில் கவிழ்த்தபடி கிடந்தது, உள்ளே கறள் பிடித்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய் விளக்குப் போத்தலில்தான் இருந்தது. ஊற்றினேன். கடுகு வெடித்தவுடன் வேலிக்கு அப்பால் பின்வளவுக்காரி யாரோடோ கதைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தியது கேட்டது. நிறுத்தட்டும் என்று வெங்காயத்தைக் கொட்டினேன்.

அண்ணை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். நான் தாச்சியை நிலத்தில் வைத்து, பக்கத்தில் குந்தியிருந்து, ஒட்டியிருந்ததை வழித்துச் சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. எதிர்ப்பக்கத்தில் இருந்து அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.